முப்பது அங்குலக் குழலில் நாலு அங்குலம் போனால்: ஒரு நிகழ்வு ஆய்வு

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கும் ஒருவரின் துப்பாக்கி. தகப்பனார் காலத்து உரிமம், பின்னால் மகன் பேருக்கு மாறியது. 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு), பக்கம் பக்கமாக இணைந்த இரட்டைக் குழல், நீளம் 30 அங்குலம். வலது குழலில், முனையிலிருந்து ஏறக்குறைய 2 அங்குலம் உள்ளே, மோதிரம் போட்டதுபோல் ஒரு வீக்கம். கண்ணுக்குச் சட்டென்று படாது. விரலை ஓட்டினால் தட்டும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்புக் கடையில் சொன்ன யோசனை, இரண்டு குழலையும் சேர்த்து 26 அங்குலத்துக்கு வெட்டிவிடலாம் என்பது.

வெட்டுவதில் தோப்புக்காரருக்கு ஆட்சேபம் இல்லை, வேகம் போய்விடுமோ என்றுதான் பயம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கும் தங்கை மகன், "ஒரு இஞ்சுக்கு அம்பது அடி கொறையும் மாமா, நாலு இஞ்சுக்கு எரநூறு அடி போயிரும்லா" என்று கணக்குச் சொல்லியிருந்தான். கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி" என்றார். வேகத்தைப் பற்றிய மட்டில் கடைக்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் "ஒண்ணும் ஆகாது" என்பது சரியில்லை. பையன் சொன்ன எண்ணும் பொய்யல்ல; அது வேறொரு ரகத் துப்பாக்கிக்கு உரியது. அங்குலத்துக்கு இவ்வளவு என்று எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே விகிதம் கிடையாது. ஏன் கிடையாது என்பதைத்தான் இங்கே எண்களோடு பார்க்கிறோம்.

வீக்கம் வந்த வழி

குழலைக் கழற்றி, பெட்டியில் வைக்காமல் அலமாரிக்குள் நிறுத்தியிருந்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் குளவிக்கு 18 மி.மீ. வாய் உள்ள எந்தக் குழாயும் வீடுதான். கதவு இடுக்கு இருந்தால் போதும். முனைக்குச் சற்று உள்ளே மண்கூடு கட்டி, அது காய்ந்து இறுகிவிட்டது. கூட்டி மாட்டியபோது யாரும் உள்ளே பார்க்கவில்லை. சுட்டபோது ரவைத் தொகுதி (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளின் கூட்டம்) அந்த மண்ணில் மோதி ஒரு கணம் தயங்கியிருக்கிறது. பின்னால் வந்த ரவையும், அதை ஏந்தி வரும் அடைப்பும், வாயுவும் அந்த இடத்தில் நெருங்க, அந்த நெருக்கல் சுவரை வெளியே தள்ளிவிட்டது. வேட்டைத் துப்பாக்கியின் குழற்சுவர் முனைப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெடித்துப் பிளக்காமல் வீங்கியதோடு நின்றது அதிர்ஷ்டம்.

வீக்கம் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். குழலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, ஜன்னலை நோக்கிப் பிடித்துப் பின்வாய் வழியே பார்க்க வேண்டும். ஜன்னல் கம்பியின் நிழல் குழலின் உட்சுவரில் நேர்கோடாக ஓடும். குழலை மெல்லச் சுழற்றிக்கொண்டே போனால், வீங்கிய இடத்தில் அந்தக் கோடு வளைந்து ஒரு கறுப்பு வளையமாகத் தெரியும். வெளியிலிருந்து அடிபட்டுப் பள்ளம் விழுந்திருந்தால் வளையமாகத் தெரியாது, ஒரு பக்கத்தில் மட்டும் கோடு உடையும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சட்டம்

உரிமதாரர்கள் பலரும் நினைப்பதுபோல், குழலை வெட்டுவது வெறும் பட்டறை வேலை அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, குழலைக் குறைப்பதற்கென்றே தனி உரிமம் வேண்டும் என்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் இதற்குச் செல்லாது. உரிமமில்லாமல் குறைத்தால் 25(1) பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. அதே சட்டத்தின் 13(3) பிரிவு, பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் உரிமம் தரும்போது, உள்ளே சுருள்வரி வெட்டாத வழுவழுப்புக் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாதிருக்க வேண்டும் என்று எல்லை வைக்கிறது. 26 அந்த எல்லைக்கு மேலேதான். ஆனால் எல்லைக்கு மேலே இருப்பது அனுமதி ஆகிவிடாது. முதலில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு, பிறகுதான் ரம்பம். உரிமப் புத்தகத்தில் 30 என்று எழுதியிருக்க, தேர்தலுக்குக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது 26 அங்குலக் குழல் வந்து நின்றால் விளக்கம் சொல்வது எளிதல்ல.

ஒரு கிராம் வெடிமருந்துக்கு எவ்வளவு இடம்

தோட்டாவுக்குள் மருந்து பற்றியதும் அழுத்தம் ஏறி, குண்டு சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் உச்சம் தொட்டுவிடும். அதற்குப் பின் இறக்கம்தான். குண்டு முன்னேற முன்னேற வாயுவுக்கு இடம் பெரிதாகிறது, அழுத்தம் விழுகிறது. அழுத்தம் உராய்வை மிஞ்சி நிற்கும்வரை குண்டு வேகம் கூடிக்கொண்டே போகும், ஒவ்வொரு அங்குலத்துக்கும் முந்தியதைவிடக் குறைவாக. ஆகவே கடைசி அங்குலத்தின் மதிப்பைக் குழலின் நீளம் தனியாகத் தீர்மானிப்பதில்லை. குண்டு முனையை அடையும்போது ஒரு கிராம் மருந்தின் வாயு எத்தனை கன சென்டிமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. போரின் குறுக்குப் பரப்பைக் குண்டு ஓடும் தூரத்தால் பெருக்கி, மருந்தின் எடையால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும். தோட்டாவின் உள்ளளவை இதில் சேர்க்கவில்லை. தோராயத்துக்கு இது போதும்.

பையனின் ஐம்பது அடி எங்கிருந்து வந்தது என்பதும் இதில்தான் தெரிகிறது. சோவியத் 5.45×39 தோட்டா ஒன்றையே மூன்று நீளக் குழல்களில் சுடும்படி துப்பாக்கிகள் வந்தன. ஏ.கே.எஸ்.-74யு: 206.5 மி.மீ. குழல், விநாடிக்கு 735 மீட்டர். ஏ.கே.-74: 415 மி.மீ., 900 மீட்டர். ஆர்.பி.கே.-74: 590 மி.மீ., 960 மீட்டர். எல்லாம் பட்டியலில் போட்டிருக்கும் எண்கள். முதல் இரண்டுக்கும் இடையே 208.5 மி.மீ.க்கு 165 மீட்டர், அதாவது அங்குலத்துக்கு 20 மீட்டர், அடிக்கணக்கில் 65-க்கு மேல். அடுத்த 175 மி.மீ.க்கு 60 மீட்டர்தான். அங்குலத்துக்கு 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 29 அடி. தோட்டா ஒன்று, போர் ஒன்று. அங்குலத்தின் மதிப்பு மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஐம்பது அடி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடைக்கும்.

இந்த வேகங்களிலிருந்து பின்னோக்கிப் போய் அழுத்தத்தையும் எடுக்கலாம். குண்டு 3.43 கிராம். 735-இல் அதன் ஆற்றல் 926 ஜூல், 900-இல் 1,389, 960-இல் 1,580. தோட்டா அறையைக் கழித்தால் 206.5 மி.மீ. குழலில் குண்டு உண்மையில் ஓடுவது 170 மி.மீ. அளவுதான். அந்த ஓட்டத்தில் சராசரி உந்துவிசை 5,450 நியூட்டன். போரின் பரப்பு 24.6 சதுர மி.மீ. என்பதால், உராய்வு போக நிகர அழுத்தம் சுமார் 220 மெகாபாஸ்கல். 206.5-க்கும் 415-க்கும் இடையில் 463 ஜூல் கூடுகிறது. சராசரி 90 மெகாபாஸ்கல். 415-க்கு மேல் 590 வரை 191 ஜூல், 44 மெகாபாஸ்கல். 220, 90, 44: இறங்குமுகம் அப்படியே கண்ணில் படுகிறது. குட்டைக் குழலை வெட்டினால் வலிப்பதும் நெட்டைக் குழலை வெட்டினால் வலிக்காததும் இதனால்தான்.

ஏ.கே.-47 குடும்பத்தின் 7.62×39 தோட்டாவை எடுத்தால் 415 மி.மீ. குழலுக்கு 715 மீட்டர், எஸ்.கே.எஸ்.-இன் 520 மி.மீ.க்கு 735, ஆர்.பி.கே.-இன் 590 மி.மீ.க்கு 745. 175 மி.மீ. கூடியும் 30 மீட்டர்தான் வந்தது, அங்குலத்துக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். அதே 175 மி.மீ. 5.45-க்கு இரட்டிப்பு தந்ததே, இங்கே ஏன் தரவில்லை? 7.62-இன் மருந்து சுமார் 1.6 கிராம், 5.45-க்குச் சுமார் 1.4, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் போரின் பரப்பு 49 சதுர மி.மீ., ஏறக்குறைய இரண்டு மடங்கு. 415 மி.மீ. குழலின் முனையில் 5.45-இன் ஒரு கிராம் மருந்துக்கு 6.7 கன சென்டிமீட்டர் இடம், 7.62-க்கு 11.7. அழுத்தம் முன்பே செலவாகிவிட்டது. எஸ்.கே.எஸ்.-க்கும் ஆர்.பி.கே.-க்கும் நடுவே கணக்கிட்டால் 17 மெகாபாஸ்கல்தான் மிஞ்சுகிறது.

முனையில் தெரியும் தீப்பிழம்பைக் காட்டி "மருந்து வெளியே போய் எரியுது, குழல் நீளமா இருந்தா உள்ளேயே எரிஞ்சிருக்கும்" என்று சொல்வது வழக்கம். ரைஃபிளில் மருந்தின் பெரும்பங்கு குழலின் முன்பாதிக்கு வருமுன்பே எரிந்து முடிந்துவிடும். வெளியே எரிவது பெரும்பாலும் மருந்தல்ல, அதன் வாயு. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சூடாக வெளிவந்து காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கண்டதும் பற்றிக்கொள்கின்றன. குட்டைக் குழலில் அந்த வாயு கூடுதல் அழுத்தத்தோடும் சூட்டோடும் வருவதால் பிழம்பும் சத்தமும் பெரிது. லீ-என்ஃபீல்டு ரைஃபிளைக் குறுக்கி 5-ஆம் எண் கார்பைன் செய்தபோது முனையில் கூம்பு வடிவத் தடுப்பு வைக்க நேர்ந்தது இதற்காகத்தான். குட்டைக் குழலுக்கு வேகமாக எரியும் மருந்து போட்டால் இழந்ததை மீட்கலாம் என்பதும் இதே பிழையின் மறுபக்கம். நீளக் குழலில் அதிக வேகம் தரும் மருந்தே பெரும்பாலும் குட்டைக் குழலிலும் முன்னே நிற்கும், பிழம்புதான் கூடும்.

கைத்துப்பாக்கி

இங்கே முதல் குழப்பம் அளவையில். பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் மூடிய பின்வாயின் முகத்திலிருந்து முனைவரை அளப்பார்கள். தோட்டா அறையும் அதற்குள் அடக்கம். ரிவால்வருக்கு உருளையை விட்டுவிட்டுக் குழலை மட்டும் அளப்பார்கள். 4 அங்குல 9 மி.மீ. பிஸ்டல் என்றால் 102 மி.மீ. குழலில் 19 மி.மீ. தோட்டாக் கூட்டுக்கே போய்விடும். 4 அங்குல ரிவால்வரில் குண்டு உருளைக்குள் ஓடும் தூரம் தனி, அதன்பின் முழு 102 மி.மீ. ஆகவே ஒரே எண் போட்ட இரண்டை ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல. ரிவால்வருக்கு வேறொரு கணக்கும் உண்டு: உருளைக்கும் குழலுக்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி. அதன் வழியே வாயு பக்கவாட்டில் பீறிடும். அந்த இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால், குழல் நீளமாக இருந்தும் வேகம் வராது. இந்தியாவில் உரிமதாரர்களிடம் பரவலாக இருக்கும் அரசு ஆலைத் தயாரிப்பு .32 ரிவால்வரின் குழல் 76 மி.மீ.தான். அதில் வேகம் குறைகிறது என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியை.

9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவுக்கு எம்.பி.5 என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கிக் குடும்பம் நல்ல சான்று. 115 மி.மீ. குழல் உள்ள எம்.பி.5கே 375 மீட்டர், 225 மி.மீ. உள்ள எம்.பி.5 400 மீட்டர். குழல் ஏறக்குறைய இரண்டு மடங்கானதற்குக் கிடைத்த லாபம் 25 மீட்டர், அங்குலத்துக்கு 6 மீட்டருக்குள். 8 கிராம் குண்டு என்று வைத்துக்கொண்டால் அந்த ஓட்டத்தில் நிகர அழுத்தம் 11 மெகாபாஸ்கல் மட்டுமே. 7.62×39-ஐவிட அழுத்தம் குறைவு. ஆனாலும் அங்குலத்துக்குக் கிடைக்கும் வேகம் கொஞ்சம் கூடுதல். முரண்போலத் தெரியும், முரணல்ல. மெதுவாகப் போகும் குண்டு ஒவ்வொரு அங்குலத்திலும் அதிக நேரம் நிற்கிறது. அதே தள்ளல் அதன்மேல் நெடுநேரம் வேலை செய்கிறது. குழலை வேண்டுமென்றே வேகம் குறைக்கப் பயன்படுத்தியதும் இந்தக் குடும்பத்தில் உண்டு. எம்.பி.5எஸ்டி-யின் 146 மி.மீ. குழலில் 30 துளை போட்டு வாயுவைக் கசியவிட்டு, 285 மீட்டருக்குக் கொண்டுவந்து ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்தார்கள்.

2,700 அடி என்னும் எண்

.22 ரைஃபிளைப் பற்றி என்.சி.சி. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாடக்குறிப்புகளில் குழல்முனை வேகம் விநாடிக்கு 2,700 அடி என்று காணப்படுகிறது. இந்தப் பையனும் அதைத்தான் சொன்னான். 2.6 கிராம் ஈயக் குண்டை 2,700 அடியில் விட 880 ஜூல் வேண்டும். .22 லாங் ரைஃபிள் தோட்டாவிலுள்ள மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. போட்டித் தரத் தோட்டா உண்மையில் 1,080 அடியை ஒட்டி, அதாவது 330 மீட்டரில், 140 ஜூலோடுதான் போகும். 2,700 அடி என்பது 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். என்னும் படை ரைஃபிள் ரகத்தின் வேகத்தை ஒட்டிய எண். தேர்வில் கேட்டால் 2,700 என்றே எழுதிவிட்டு வரட்டும். கணக்குக்கு அதை எடுக்க வேண்டாம்.

.22-இல் குழல் நீளத்தின் கதை தலைகீழ். 16 முதல் 19 அங்குலத்துக்குள் வேகம் உச்சம் தொட்டுவிடும். அங்கே ஒரு கிராம் மருந்துக்கு இடம் நூறு கன சென்டிமீட்டரை நெருங்குகிறது. வாயுவின் தள்ளலும் ஈயத்தின் உராய்வும் ஏறக்குறைய சமம். அதற்கு மேல் நீட்டினால் குண்டு வேகம் கூடுவதற்குப் பதில் சற்றுக் குறையும். 26 அங்குலக் குழலோடு 50 மீட்டர்ப் போட்டி ரைஃபிள்கள் இருப்பது வேகத்துக்காக அல்ல. முன்குறிக்கும் பின்குறிக்கும் தூரம் கூடினால் குறிவைப்பதில் நேரும் பிழை சிறிதாகும். முன்பக்க எடை கையை நிலைப்படுத்தும். அதனால்தான் வரியுள்ள குழலைக் குட்டையாக நிறுத்தி, முனையில் குண்டு தொடாத வெற்றுக் குழாய் ஒன்றை மாட்டி நீளத்தைக் கூட்டும் வழக்கமும் போட்டியாளர்களிடம் இருக்கிறது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது நீளக் குழல், குண்டுக்குக் குட்டைக் குழல்.

12 போருக்கு வருவோம்

12 போரின் பரப்பு 269 சதுர மி.மீ. புகையில்லா மருந்து 1.8 கிராம் அளவு. 26 அங்குலத்தில் ஒரு கிராமுக்கு இடம் 96 கன சென்டிமீட்டர், 30-இல் 112. .22-ஐப் போலவே இங்கும் வாயு களைத்துப்போன கட்டம். ஆனால் ரவையை அடைப்பு ஒன்று ஏந்திப் போவதால் உராய்வு குறைவு. வேகம் இறங்குவதில்லை, மிக மெல்ல ஏறும். வெட்டிப் பார்த்தவர்கள் பொதுவாகச் சொல்வது அங்குலத்துக்கு 5 முதல் 10 அடி. நான்கு அங்குலத்துக்கு 20 முதல் 40 அடி, அதாவது 6 முதல் 12 மீட்டர். 32 கிராம் ரவை 370 மீட்டரில் கிளம்பும் தோட்டாவில் 9 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், கடைசி நான்கு அங்குலத்தின் நிகர அழுத்தம் 4 மெகாபாஸ்கல் என்று வருகிறது. 12 போரின் முனையில் எதிர்பார்க்கக் கூடிய அளவுதான் அது.

ஆக, பையன் சொன்ன 200 அடி எங்கே, 30 அடி எங்கே. 370-இல் 9 என்பது இரண்டரை சதவீதம். காற்றின் தடையால் உருண்டை ரவை வேகமாக வேகமிழப்பதால், 35 மீட்டர் தொலைவுக்குப் போவதற்குள் அந்த வித்தியாசமும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அப்படியானால் 30 அங்குலம் எதற்கு? கரிமருந்து என்னும் பழைய புகை மருந்துக் காலத்துப் பழக்கம் பெரும்பங்கு, வீசிக் குறிபார்க்கும்போது முன்கனம் உதவும் என்பது மீதி. கரிமருந்திலும்கூட நீளத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஆங்கிலேயப் படையின் மஸ்கட்டு என்னும் பழைய நீளத் துப்பாக்கியின் குழல் 46 அங்குலத்தில் தொடங்கி 42 ஆனது; கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குச் செய்தது 39. அதையே 1790-களின் இறுதியில் ஆங்கிலப் படையும் எடுத்துக்கொண்டது. 1920-களில் ராபர்ட் சர்ச்சில் 25 அங்குலக் குழலோடு 12 போர் செய்து விற்றபோது வேட்டைக்காரர்கள் சண்டைக்கே வந்தார்கள். புகையில்லா மருந்துக்கு அந்த நீளம் போதும் என்பதில் அவர் பக்கமே நியாயம் இருந்தது.

அளந்து பார்க்க நினைத்தால்

இரண்டு துப்பாக்கிகளை வைத்து "இது 26, அது 30" என்று ஒப்பிடுவது வீண் வேலை. ஒரே நீளமுள்ள இரண்டு குழல்களுக்கிடையே, தோட்டா அறையின் அளவிலும் உட்புற வழுவழுப்பிலும் உள்ள வேறுபாட்டால் மட்டும் ரைஃபிளில் 15 மீட்டர் வித்தியாசம் வரும். நீளத்தின் விளைவைத் தனியே காண ஒரே வழி, ஒரே குழலை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே பெட்டித் தோட்டாவால் அளப்பது.

எத்தனை தோட்டா என்பது முக்கியம். தோட்டாவுக்குத் தோட்டா 6 மீட்டர் சிதறல் சாதாரணம். மூன்று தோட்டா சுட்டால் சராசரியிலேயே மூன்றரை மீட்டர் தடுமாற்றம் இருக்கும். முன்னும் பின்னும் அப்படி எடுத்த இரண்டு சராசரிகளைக் கழித்தால் தடுமாற்றம் 5 மீட்டரைத் தொடும். 9 மீட்டர் வித்தியாசத்தை அதில் தேடிப் பயனில்லை. இருபது சுட்டால் கழித்தலின் தடுமாற்றம் 2 மீட்டருக்குள் அடங்கும். குரோனோகிராஃபை (குண்டின் வேகம் அளக்கும் கருவி) முனையிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கிட்டே வைத்தால் முனைக்காற்றும் அடைப்பும் அதைக் குழப்பும். ஒளியுணரி வகையாக இருந்தால் நம் ஊர் உச்சிவெயிலில் வேலைக்கு ஆகாது: மேலே வெள்ளைத் தகடு மாட்டியும் எண் தாவும். காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

வெயில் இன்னொரு வகையிலும் கெடுக்கும். சாதாரண ரைஃபிள் மருந்துகளில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு வேகம் அரை மீட்டர்வரை ஏறும். மே மாதம் ஜீப்பின் முன்கண்ணாடிக்கடியில் கிடந்த பெட்டிக்கும், வீட்டில் நிழலில் இருந்த பெட்டிக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தால் 10 மீட்டர் போய்விட்டது. நெட்டைக் குழலின் ஓர் அங்குலத்தைவிட அது பெரிது. தோட்டாவை நிழலிலேயே வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளாத அளவீட்டை நம்ப வேண்டாம்.

உண்மையில் போவது

சோக். குழலின் கடைசி இரண்டு அங்குலத்தை ஒட்டி உள்விட்டம் குறுகி, ரவைத் தொகுதி சிதறாமல் பிடித்துவிடும் பகுதி அது. முழுச் சோக்கில் இந்தக் குறுகல் ஒரு மில்லிமீட்டர் அளவே. அந்த ஒரு மில்லிமீட்டர், 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீத ரவையை விழவைக்கும். சோக்கில்லாத வெறும் குழலில் 40 சதவீதம்தான். ஆறாம் எண் ரவை 32 கிராமில் சுமார் 300 இருக்கும். வட்டத்துக்குள் 210 விழுந்த இடத்தில் இனி 120 விழும். வேகத்தில் போகும் இரண்டரை சதவீதத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள், இதை யாரும் பேசவே இல்லை.

சோக் முழுக்கக் கடைசி இரண்டு அங்குலத்தில் இருப்பதால், இரண்டரை அங்குலம் வெட்டினாலும் நான்கு வெட்டினாலும் அது போனதுதான். ஆகவே 26 என்ற எண்ணுக்கு இந்த நிகழ்வில் நியாயம் இல்லை. வீக்கம் முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், 27½-இல் நிறுத்தினால் போதும். கூடுதல் ஒன்றரை அங்குலத்தால் வேகத்தில் வருவது 3 மீட்டர்தான். ஆனால் துப்பாக்கியின் முன்கனம் பழகியபடியே இருக்கும். பின்பக்கம் கனத்துத் தூக்கும் துப்பாக்கி, வீசும்போது பாதியில் நின்றுவிடும்.

வெட்டாமலே வீக்கத்தை உள்ளே அமுக்கிச் சரிசெய்ய முடியாதா என்றால், குழலின் நடுவில் வந்திருந்தால் முடியும். இங்கே வீக்கம் சோக் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தாங்குகட்டை சரியாகப் பொருந்தாது. இழுபட்டு மெலிந்த உலோகத்தை அங்கே தட்டினால் விரிசல் விடும். நல்ல கைவேலைக்காரரும் தயங்கும் இடம்.

இரட்டைக் குழலுக்கே உரிய சிக்கல் ஒன்று, கடையில் மறந்துவிடக்கூடியது. இரண்டு குழலும் முனையில் ஒட்டி, பின்னே போகப் போக விலகி இருக்கும். வெட்டியதும் முனையில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி திறக்கும். அதை ஆப்பு வைத்துப் பற்றவைத்து மூடாவிட்டால், மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் நடுவே மழைக்காலத்து ஈரம் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒட்டு விட்டுப்போனால் இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடாது. முன்குறி மணியையும் புது முனையில் பதிக்க வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் செய்ய வேண்டியது வேகம் அளப்பதல்ல, தாள் வைத்துப் பார்ப்பது. சுடுதளத்தில் நாலடிச் சதுரத் தாளை 20, 30, 40 கஜத்தில் கட்டி, குழலுக்கு ஐந்து தோட்டா, தோட்டாவுக்கு ஒரு தாள். ரவை நெருக்கமாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் வரைந்து உள்ளே எண்ண வேண்டும். சோக்கில்லாக் குழலுக்கு 20 கஜத்தில் வட்டம் நிறைந்திருக்கும், 40-இல் கையகல ஓட்டைகள் தெரியும். இரண்டு குழலின் நடுப்புள்ளியும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம். விலகினால் ஆப்பு சரியில்லை. துப்பாக்கி கடைக்குத் திரும்ப வேண்டும்.

இந்தத் தோப்பில் துப்பாக்கியின் வேலை பெரும்பாலும் சத்தம் போட்டுப் பன்றிக் கூட்டத்தை விரட்டுவது. பயிர்க்காவல் என்று உரிமத்தில் எழுதியிருப்பது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்கீழ் விலங்கைச் சுடும் அனுமதி ஆகாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருப்பவருக்கு இது நன்றாகவே தெரியும். அந்த வேலைக்குச் சோக்கும் வேண்டாம், வேகமும் வேண்டாம். சுவர் உறுதியாக இருந்தால் போதும். குழல் குட்டையானால் சத்தம் கொஞ்சம் கூடவே செய்யும், சுடுபவரின் காதுக்கு முதலில். ஆகவே பரிந்துரை: இப்போதைக்கு அந்தத் துப்பாக்கியில் இரண்டு குழலிலுமே தோட்டா போட வேண்டாம். 6-ஆவது பிரிவின்கீழ் 27½ அங்குலம் என்று குறிப்பிட்டு மனு, அனுமதி வந்தபின் வெட்டு, முன்குறி, ஆப்பு, தாள். உரிமப் புத்தகத்தில் புது நீளம் ஏறும்வரை துப்பாக்கி கடையின் பாதுகாப்பிலேயே இருக்கட்டும்.